துடுப்பைப் பலகை என்றவர்கள்

மவ்ரோலிதி
10 அக்டோபர் 1983

அன்புத் தம்பி இசிதோர்,

இன்று காலை கண் விழித்ததும் நான் செய்த முதல் வேலை, முகம்கூடக் கழுவாமல் ரொட்டிக்கார வாயாவின் அடுப்படிக்கு ஓடி, அவளுடைய ரொட்டிப் பலகையின் பிடியைத் தடவிப் பார்த்ததுதான்.

"என்ன டீச்சர், ரொட்டி வாங்க வந்தீங்களா, பலகையைக் கட்டிக்க வந்தீங்களா?" என்றாள்.

நீ நலமாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் இப்படித் தலைகீழாகத் தொடங்குகிறேன். உன் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன், ஊரில் அம்மாவும் அப்படியே.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, மலை உச்சியில் இருக்கும் புனித எலியா சிற்றாலயத்தைப் பெருக்க வாயாவோடு போனேன். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு ஆண்டுகளில் உள்ளே நுழைந்தது இதுவே முதல்முறை. கதவுக்கு மேலே, உட்புறத்தில், புகையேறிக் கறுத்த ஒரு நீள மரம் தொங்குகிறது. இவர்கள் அதை "எலியாவின் ரொட்டிப் பலகை" என்கிறார்கள். அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளவும் எடுக்கவும் வைத்திருப்போமே, அதுதானாம். எலியா ரொட்டிக்காரராம்! பசித்தவர்களுக்காக மலை உச்சியில் அடுப்பு கட்டினாராம். இடி இடித்தால் அவர் அடுப்பைச் சுரண்டுகிறாராம்.

இசிதோர், அது ரொட்டிப் பலகையே இல்லை. பிடி உருண்டை. அகன்ற பக்கம் நீண்டு, லேசாக வளைந்திருக்கிறது. நம் தீவில், கர்தாமிலாவில் பிறந்த எவளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அது துடுப்பு!

எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஒரு நாள் ஆகும் இந்த மலையில் துடுப்பு. கப்பல்காரர்கள் சொல்லும் கதை நினைவிருக்கிறதா? மாலுமியாக இருந்த எலியா கடல் வெறுத்துப்போய், துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு உள்நாட்டுக்கு நடந்தாரே, அந்தக் கதை. அதற்கும் பழையது, பழங்காவியத்தில் வரும் இதாக்கா அரசனின் கதை. "கடலறியாதவர்கள் உன் துடுப்பைத் தூற்றுப்பலகை என்று சொல்லும் இடம்வரை நட" என்று செத்துப்போன குறிசொல்லி ஒருவன் அவனிடம் சொல்வான். அன்று பதரைத் தூற்றினார்கள். மூவாயிரம் ஆண்டுகள் கழித்து இங்கே ரொட்டியே சுட்டுவிட்டார்கள்!

உங்கள் கப்பலில் அந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு சொல் விடாமல் எழுது.

இன்னொன்று. போன குளிர்காலத்தில் உங்கள் பழைய கப்பல் மூழ்கிய பிறகு, நீ வீட்டுக்கு வராமலே அடுத்த கப்பலில் ஏறிவிட்டாய். உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று அந்தக் கப்பலில் உன்னோடு இருந்த பந்தெலிஸின் மனைவி மரூக்கோ ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் வந்து கேட்கிறாள். அவளுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

குளிரில் மேல்தளத்தில் நிற்காதே.

உன் அக்கா
செவஸ்தி


ரோட்டர்டாம்
2 டிசம்பர் 1983

அக்கா,

இருமல் போய்விட்டது. பல்வலி வந்திருக்கிறது, உடம்பில் ஓர் இடமும் காலியாக இருக்கக் கூடாது போலும். நீ முழங்காலைப் பார்த்துக்கொள். மலை ஏறுகிறவள் நீ.

கதையைக் கேட்டாயே. எங்கள் சமையற்காரர் கசோஸ் தீவுக்காரர். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"எலியா மாலுமிடா. அலை அவரை அடிச்ச அடி கொஞ்சமா? ஒரு நாள் போதும்னு துடுப்பைத் தோள்ல போட்டு நடந்தாரு. முதல் ஊர்ல கேட்டாரு, இது என்னய்யா? துடுப்புன்னாங்க. சே, இன்னும் கடல் வாடை போகலைன்னு நடையைக் கட்டினாரு. அடுத்த ஊரு, அங்கயும் துடுப்பு. கடைசியா மலை உச்சியில ஒருத்தன் சொன்னான், இது ஒரு கம்பு. அவ்வளவுதான்! அங்கயே உட்கார்ந்துட்டாரு. அதனாலதான் எலியாவுக்கு எல்லாக் கோயிலும் உச்சியில இருக்கு. உனக்கு எங்க இருக்கும்? கல்லறையிலதான், போய் உருளைக்கிழங்க உரி."

அக்கா, பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, படகின் விளிம்பில் உராயும் இடத்தில், தோல் சுற்றியிருந்த தடம் இருக்கிறதா பார். இருந்தால் அது துடுப்பேதான்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவளுக்கு என் முத்தங்கள்.

இசிதோர்


மவ்ரோலிதி
14 ஜனவரி 1984

என் தம்பி,

புத்தாண்டு உனக்குப் பல்வலி இல்லாமல் விடியட்டும். இங்கே முழங்கால்வரை பனி. என் முழங்கால் அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

இருக்கிறது! நீ சொன்ன இடத்திலேயே! தோல் மக்கிப் போய்விட்டது. ஆனால் சின்ன ஆணித் துளைகள் வளையமாக இருக்கின்றன. ஏணியில் நின்றபடி கத்திவிட்டேன். பாதிரியார் திமியோஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னம்மா, புனிதர் தெரிஞ்சாரா?"

"தெரிஞ்சாரு ஃபாதர், நனைஞ்சு போயிருந்தாரு."

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. ஜூலை இருபது எலியா திருநாளன்று ஊர் கூடியிருக்கும்போது என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். அன்று சொல்லிக்கொள்ளலாம், எல்லார் முன்னாலும், படம் வரைந்து. அவர்கள் முகத்தைப் பார்க்க இப்போதே துடிக்கிறது.

யோவான்னினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கும் எழுதினேன். பதில் வந்துவிட்டது! செப்டம்பர் கருத்தரங்கில் இதைக் கட்டுரையாக வாசிக்க வேண்டுமாம். நன்றாக அமைந்தால் பள்ளியிலிருந்து ஓராண்டு விடுப்பு. அவர்களுடைய நாட்டார் கதைக் காப்பகத்தில் வேலை. இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இலக்கணம் திருத்திய பிறகு, ஓர் ஆண்டு முழுக்கக் கதைகள். யோசித்துப் பார்.

வகுப்பிலும் இதே பேச்சுதான். பண்டைக் காலத்தில் மரணதேவன் ஓடக்காரன். செத்தவர்களை ஆற்றைக் கடத்திவிடுவான். இங்கே மலைப் பாடல்களில் அவன் கறுப்புக் குதிரையில் வருகிறான். இளைஞர்களை முன்னால் நடத்தி, முதியவர்களைப் பின்னால் இழுத்துப் போகிறான். எப்போது படகை விட்டுக் குதிரை ஏறினான் என்று கேட்டேன். "நம்ம ஊர் ரோடு படகுக்கு ஆகாது டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். இதைவிடச் சரியான பதிலை எந்தப் பேராசிரியர் சொல்லிவிடுவார்?

இரவெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். துடுப்பு தானாக மலை ஏறியிருக்காது. அந்தக் கதையை எங்கோ கேட்டுவிட்டு, அதை நம்பி, உண்மையாகவே தோளில் போட்டு நடந்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். பெயரில்லாத எவனோ. மனிதன் கதையை உண்டாக்கினான் என்று பாடம் நடத்துகிறோம். இங்கே கதை ஒரு மனிதனை நடக்க வைத்திருக்கிறது!

மரூக்கோவைப் பற்றி எழுதியதற்கு நீ பதில் சொல்லவில்லை. மறந்திருப்பாய்.

உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

செவஸ்தி


சாந்தோஸ்
20 பிப்ரவரி 1984

அக்கா,

நலம். பல்லைப் பிடுங்கியாயிற்று. இங்கே வெயில் தார் உருகும் வெயில். காப்பி மூட்டை ஏற்றுகிறோம். உன் பனியில் ஒரு கை அள்ளி அனுப்பு.

ஒரே ஒரு கேள்வி. அந்த ஊரில் உண்மையிலேயே ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாதா? பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களுக்குமா?

அம்மாவைப் பார்த்துக்கொள்.

இசிதோர்


மவ்ரோலிதி
18 மார்ச் 1984

அன்பு இசிதோர்,

உன் கடிதம் கையளவுதான் இருந்தது. இருந்தாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வாசித்ததில் நிம்மதி. எனக்கு ஒரு ஜலதோஷம் வந்து போனது. வாயாவின் அவரை சூப்பு அதைத் துரத்திவிட்டது.

உன் கேள்விக்காக நான் காப்பிக்கடைக்கே போனேன். பெண்கள் அங்கே உட்காரும் வழக்கமில்லை. ஆனால் டீச்சரை ஆணிலும் சேர்க்காமல் பெண்ணிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு தாளில் துடுப்பு வரைந்து, கடைக்காரர் ஸ்தெர்ஜியோஸிடம் நீட்டினேன்.

"இது என்ன?"

"ரொட்டிப் பலகை. வாயாகிட்ட சண்டையா? புதுசா ஒண்ணு செய்யணுமா?"

பக்கத்து மேசையில் சீசிஸ், ஓய்வு பெற்ற போலீஸ்காரர். பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"பலகைதான். ஆனா பிடி ஏன் இவ்வளவு நீளம்?"

"எலியாவோட அடுப்பு பெரிசுய்யா," என்றார் ஸ்தெர்ஜியோஸ். "ஊருக்கே சுடணும்ல?"

"நீங்க ரெண்டு பேரும் டிவியில படகு பார்த்ததே இல்லையா?" என்று நூல் விட்டுப் பார்த்தேன்.

"பார்த்தோமே. தண்ணியக் கிண்டிக்கிட்டே போவாங்க. உங்க தீவுக்காரங்களுக்கு வேற என்ன இருக்கு கிண்ட?"

கடை முழுக்கச் சிரிப்பு. பார்த்தாயா? படகையும் பார்த்திருக்கிறார்கள், துடுப்பையும் பார்த்திருக்கிறார்கள். தங்கள் எலியாவின் கதவுக்குமேல் தொங்குவதை அதோடு சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆக, உன் கேள்விக்குப் பதில்: ஒருவருக்கும் தெரியாது.

அதோடு அவர்களுக்குள் சண்டை மூண்டது, எலியா சுட்டது கோதுமை ரொட்டியா, சோள ரொட்டியா என்று. கீழ்த்தெருக்காரர்கள் கோதுமைக் கட்சி. மேல்தெருவில் எல்லாரும் சோளம். பஞ்சக் காலத்தில் சோளம்தான் இருந்தது, அதனால் புனிதரும் மாறிக்கொண்டார் என்கிறார் சீசிஸ். கதை என் கண் முன்னால் கிளை விடுகிறது தம்பி! ஓடி வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

வாயா என்னை ஒன்று கேட்டாள். "உங்க தம்பி எங்கயோ இருக்காராமே, என்ன வேலை?" கப்பலில் என்றேன். "பாவம், வீட்டுச் சாப்பாடு கிடைக்காதே" என்றாள். அவ்வளவுதான். வேறெதுவும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

மரூக்கோ இப்போது அம்மாவிடம் எதுவும் கேட்பதில்லையாம். வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாளாம். இசிதோர், நீயும் பந்தெலிஸும் ஒரே உயிர்காப்புப் படகில் இருந்தீர்கள் என்று நம் ஊர்த் துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். என்னிடமாவது சொல்.

காத்திருக்கும்
செவஸ்தி


மவ்ரோலிதி
6 மே 1984

இசிதோர்,

ஈஸ்டர் வந்து போய்விட்டது. உன் பங்குச் சிவப்பு முட்டையை வைத்திருந்து, கடைசியில் நானே என் முட்டையோடு மோதிப் பார்த்தேன். உன்னுடையது உடையவில்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தலைப்பு மட்டும் அனுப்ப வேண்டும்.

நான் கேட்டது தவறென்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். உடம்பு நலமா என்று மட்டும் ஒரு சொல் எழுது. வெறும் உறை வந்தாலும் போதும்.

அக்கா


டர்பன்
29 மே 1984

அக்கா,

உடம்பு நலம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் இரண்டு கடிதங்களும் இங்கேதான் ஒன்றாகக் கிடைத்தன என்று எழுதத் தொடங்கினேன். அது பொய். மார்ச்சில் எழுதியது எப்போதோ கிடைத்துவிட்டது.

எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு காப்பிக்கடை இருக்கிறது, அதில் நம் ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான். தோளில் கை போட்டு உட்கார வைக்கிறான். காற்று எந்தப் பக்கம்? படகில் எத்தனை பேர்? துடுப்பு யார் கையில்? எவ்வளவு நேரம் வலித்தீர்கள்? கெட்ட மனிதர்கள் இல்லை, அக்கா. கடல் தெரிந்தவர்கள். அதனால் சரியான கேள்விகளையே கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் போக வேண்டிய இடத்துக்கே போகிறது.

நானும் பந்தெலிஸும் ஒரே துடுப்பைப் பிடித்திருந்தோம். விடிந்தபோது நான் மட்டும் பிடித்திருந்தேன்.

இதற்குமேல் எழுத என்னால் ஆகாது.

உன் வாயா "வீட்டுச் சாப்பாடு கிடைக்காதே" என்று சொன்னதைப் பலமுறை வாசித்தேன். துடுப்போடு மலை ஏறினானே ஒருவன், பெயரில்லாத எவனோ என்று எழுதியிருந்தாய். அவனை எனக்குத் தெரியும் போலிருக்கிறது.

ஜூலையில் பிரேயஸில் இறங்கிவிடுகிறேன். மறுபடி ஏறுவதாக இல்லை. ஏதென்ஸிலிருந்து உன் ஊருக்குப் பஸ் இருக்கிறதா? உன் வீட்டில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதா? அந்தப் பலகையை நான் பார்க்க வேண்டும்.

இசிதோர்


மவ்ரோலிதி
17 ஜூன் 1984

என் கண்ணே,

பஸ் இருக்கிறது! கட்டில் இருக்கிறது! கட்டிலை ஸ்தெர்ஜியோஸ் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்தார், கழுதை வழியெல்லாம் என்னைத் திட்டியது. ஏதென்ஸிலிருந்து கர்பெனிசி வரை ஒரு பஸ். அங்கே நிறுத்தத்துக் காப்பிக்கடையில் காத்திரு, மாலையில் எங்கள் ஊர்ப் பஸ் வரும். என் உடம்பைப் பற்றி எழுத நேரமில்லை, அவ்வளவு நன்றாக இருக்கிறது. நீ சாப்பிட்டு வா.

"தம்பி வர்றாரா? என்ன பிடிக்கும்?" என்றாள் வாயா. எல்லாம் பிடிக்கும் என்றேன். "அப்ப வீட்டுல வளர்த்தது சரியில்ல" என்றாள்.

இசிதோர், வேறொன்றும் கேட்க மாட்டேன். மரூக்கோவை மட்டும் நினைத்துக்கொள்.

செவஸ்தி


பிரேயஸ்
14 ஜூலை 1984

அக்கா,

இறங்கிவிட்டேன். நிலம் இன்னும் ஆடுகிறது, மற்றபடி நலம். வியாழக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, கர்பெனிசியில் இருப்பேன்.

மரூக்கோவுக்கு எழுதிவிட்டேன். நான்கு பக்கம். அவள் கேட்கலாம், அவளுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. தபால் பெட்டிக்குள் போட்ட பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன். அம்மாவைப் பார்க்க ஆகஸ்டில் நாம் இருவரும் சேர்ந்து போகலாம்.

திருநாளில் நீ பேசப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே. பேசு. நான் பின்னால் நின்றுகொள்கிறேன்.

தம்பி


மவ்ரோலிதி
19 ஜூலை 1984

இசிதோர்,

பயணம் எப்படி இருந்தது, தலை சுற்றியதா? இந்தக் கடிதத்தைக் காலைப் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பி, காப்பிக்கடையில் உன்னிடம் தரச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குள் கால் வைக்குமுன் நீ இதை வாசித்தாக வேண்டும்.

விடிந்ததும் மலைக்குப் போனேன், நாளைக்குப் பேசிப் பழக. ஆலயத்தில் யாரும் இல்லை. துடுப்பைப் பார்த்து உரக்கத் தொடங்கினேன்: "அன்புள்ள மவ்ரோலிதி மக்களே, உங்கள் தலைக்குமேல் இருப்பது..." அடுத்த சொல் வரவில்லை. மறக்கவில்லை, நாக்கின் நுனியில்தான் இருந்தது.

நாளை அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும்? சீசிஸ் கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பார். "அட, ஆமா!" என்பார். எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் பின்னால் நிற்கும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "தம்பி கப்பல்காரர்தானே? இதை எப்படி வலிப்பாங்க? நீங்க வலிச்சிருக்கீங்களா?" நல்ல மனதோடுதான் கேட்பார்கள். துடுப்பைத் துடுப்பு என்று சொல்லும் ஊர்களில் இன்னுமொன்று கூடிவிடும். நீ மறுபடி அதைத் தோளில் தூக்க வேண்டியிருக்கும். இதற்குமேல் மலையும் இல்லை.

ஒன்பது மாதமாக ஒரு கதையின் கடைசிப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளிக்கொண்டிருந்தேன். அது கடைசிப் பக்கமே இல்லை, தம்பி! கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, இன்று மாலை பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறது. மலையில் தனியாக நின்று சிரித்தேன். தூற்றுப்பலகை என்றவனுக்குத் தெரியாது. கம்பு என்றவனுக்கும் தெரியாது, வாயாவுக்கும் தெரியாது. தெரியாதவர்களின் தயவில்தான் அந்தக் கதை மூவாயிரம் ஆண்டுகள் கால் வலிக்காமல் நடந்திருக்கிறது. தெரிந்தே தவறாகச் சொல்லப்போகிறவள் நான் ஒருத்திதான்.

யோவான்னினாவுக்கு வேறு தலைப்பு அனுப்பப்போகிறேன்: மரணதேவன் படகை விட்டுக் குதிரை ஏறிய கதை. அது கட்டுரைக்குரிய பொருளே அல்ல என்று பேராசிரியர் சொன்னால், இலக்கண நோட்டுகள் என்னை விட்டு எங்கும் போய்விடாது. கொஞ்சம் வலிக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கீழே இறங்கும்போது என் முழங்கால் ஒரு சொல் பேசவில்லை.

பாதிரியாரிடம் இதைச் சொல்லவில்லை. வாயாவிடமும் சொல்லவில்லை. அவள் இப்போது திருநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். உனக்கென்று தனியாக ஒன்று, கோதுமையும் சோளமும் கலந்து, இரண்டு தெருவையும் பகைத்துக்கொண்டு.

நாளை காலை பாதிரியார் என்னைக் கூப்பிடுவார். நான் கதவடிக்குப் போய் நின்று, கையை உயர்த்திக் காட்டி, நீ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க, உரக்கச் சொல்வேன்: இது ரொட்டிப் பலகை.

உன் அக்கா
செவஸ்தி